ஜீப்புக்கு வைத்த பொலி முத்திரை

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால்காரி அளந்து ஊற்றும்போது அவள் கட்டைவிரல் நாழிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாலைப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டார். இரண்டு வருடத்தில் அந்தப் பெருமை தெளிந்துவிட்டது. அவருடைய சட்டைப்பையையும் நான் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்ததும் முழுக்கத் தெளிந்தது.

நான் பிறந்த வீடு பூதப்பாண்டிப் பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அளந்து வண்டியில் ஏற்றும்வரை பொலி களத்திலேயே கிடக்கும். எங்கள் அப்பா சாணியையும் சாம்பலையும் குழைத்து அதன்மேல் நாலைந்து இடத்தில் அப்பி, உள்ளங்கை அகல மரமுத்திரை ஒன்றால் அமுக்கிவிடுவார். யாராவது கைவிட்டு ஒரு பிடி அள்ளினாலும் நெல் சரிந்து முத்திரை வெடித்துவிடும். யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை, யாரையும் நம்பித் தொலைக்கவும் வேண்டியதில்லை. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. கல்யாணமாகிக் கிளம்பும்போது அப்பாவிடம் பழைய முத்திரை ஒன்றைக் கேட்டு வாங்கி என் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

வந்து சேர்ந்த இடம் குலசேகரம். நெல் கிடையாது, எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம். என் வீட்டுக்காரர் அங்கே சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர். மலையில் உள்ள தோட்டங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். முதலில் சைக்கிளில் போனார், பிறகு மாட்டுவண்டியில் போனார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருடம் ஆன சமயம், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப் போட்ட வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. கதவு கிடையாது. கியர்க் கம்பி ஒன்று போதாதென்று கூடவே இன்னும் இரண்டு நின்றன. எல்லாவற்றையும்விட எனக்கு அதிசயமாக இருந்தது பெட்ரோல் டேங்கு இருந்த இடம். டிரைவர் உட்காரும் மெத்தையைத் தூக்கினால் அடியில் டேங்கின் மூடி இருக்கும். பெட்ரோலின் மேலேயே ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்டுவார். அன்றைக்கே எனக்கு அந்த ஏற்பாடு சரியாகப் படவில்லை.

வண்டியோடு டிரைவரும் வந்தார். முப்பது வயது இருக்கும். பர்மா எல்லையில் பட்டாள லாரி ஓட்டித் திரும்பியவர். சாமித்தோப்புப் பக்கத்து ஆள். நெற்றியில் வெள்ளை நாமம் கீழிருந்து மேலாகத் தீபம் போல நிற்கும். அதிகம் பேசமாட்டார். பேசாத ஆட்களை எனக்கு நம்பத் தோன்றாது. அந்த நாளில் அவரை நான் ‘நீ’ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்றுதான் வருகிறது. அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

வண்டிக்கு வராத வியாதி இல்லை. மழைக்காலத்தில் காலையில் கிளம்பாது. அவர் முன்மூடியைத் திறந்து, கறுப்புத் தொப்பி போன்ற ஒன்றைக் கழற்றி, உள்ளே பூத்திருக்கும் ஈரத்தைக் காய்ந்த துணியால் துடைத்து மாட்டுவார், உடனே உறுமும். இரண்டாவது கியர் தானாக நழுவி விழும். அதை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே மலை ஏற்றுவார். ஓடையைக் கடந்ததும் பிரேக் பிடிக்காது. பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஊர்ந்தால் சூட்டில் ஈரம் காய்ந்து பிடித்துவிடும் என்பார், பிடித்துவிடும். ஒருநாள் ரேடியேட்டரில் தண்ணீர் சொட்டியது. என்னிடம் வந்து நின்றார்.

“அம்மா, கொஞ்சம் மஞ்சப்பொடி தருவியளா?”

“எதுக்கு?”

“ரேடியேட்டருக்கு. ஓட்டை அடையும்.”

ஜீப்புக்கு மஞ்சள் பூசுகிற கதையை நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? ஒரு பிடி கொடுத்துவிட்டுக் கூடவே போய் நின்றேன். எல்லாவற்றையும் தண்ணீரோடு ரேடியேட்டரில் கொட்டினார். கொஞ்ச நேரம் இன்ஜின் ஓடியதும் சொட்டு நின்றுவிட்டது. இது எனக்கு நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியதோ வேறு. இவ்வளவு தந்திரம் தெரிந்த ஆள் நம் கண்ணில் மண்ணைத் தூவ நினைத்தால் எவ்வளவு சுலபமாகத் தூவுவார் என்று யோசித்தேன்.

சந்தேகத்துக்குத் தீனி சீக்கிரமே கிடைத்தது. பெட்ரோல் டின்னில் வரும். டின்னைத் திறந்து டேங்கில் ஊற்றுவதை நான் நின்று பார்ப்பேன். ஒரு கமுகங்குச்சியில் கோடு கிழித்து, டேங்குக்குள் விட்டு, ஈரம் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று பார்ப்பதும் நான்தான். முதலில் ஒரு டின் நான்கு முறை மலைக்குப் போய்வரக் கண்டது. பிறகு மூன்றரை. பிறகு மூன்றே முறை. முற்றத்தில் பெட்ரோல் வாசம் வேறு வீசியது.

“கார்புரேட்டரு கூடுதலா குடிக்கு அம்மா. கழத்திப் பாக்கணும்” என்றார் டிரைவர்.

“வண்டி குடிக்கா, வேற யாரும் குடிக்காளான்னு பாத்திருவோம்” என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பதில் பேசாதவனுக்கு மனதில் கள்ளம் உண்டு என்பது அப்போது என் தீர்மானம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நெத்தியில நாமத்தைப் போட்டுக்கிட்டு ஒரு மனுசன் களவெடுப்பானா?” என்று கேட்டார்.

“எங்க சித்தப்பா பட்டை பட்டையா திருநீறு பூசிக்கிட்டுதான் எங்கப்பாவுக்க வரப்பைத் தள்ளி வச்சாரு” என்றேன்.

“ஏட்டி, உனக்கு வேற சோலியே இல்லியா?” என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

எனக்கு வேறு சோலி இல்லைதான். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பால்வெட்டுக்காரியிடம் ஒரு சிரட்டை ரப்பர் பால் வாங்கினேன். அது காற்றுப் பட்டுக் காய்ந்தால் தோலாகிவிடும், மறுபடி ஒட்டாது. பழைய வேட்டித் துணியை அந்தப் பாலில் முக்கி, டேங்கின் மூடியோடு கழுத்தையும் சேர்த்து ஒரு சந்து விடாமல் சுற்றினேன். மேலே இன்னும் பாலை ஊற்றித் தடவினேன். பாதி காய்ந்ததும் அப்பாவின் பொலி முத்திரையை அதன்மேல் அமுக்கினேன். எங்கள் குடும்பத்து அடையாளம் அதில் பளிச்சென்று விழுந்தது. இனி மூடியைத் திறக்க வேண்டுமானால் தோலைக் கிழித்தே ஆக வேண்டும். கிழித்தால் எனக்குத் தெரியாமல் போகாது. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் நானே கிழிப்பேன், ஊற்றி அளந்து முடித்ததும் நானே புதிதாக வைப்பேன். ரப்பர் பால் பொலிச் சாணியைவிட எத்தனையோ மேல் என்று எனக்கு என்மேலேயே மதிப்பு உயர்ந்தது.

நான் முத்திரை வைப்பதை டிரைவர் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கழற்றிய கார்புரேட்டர் இருந்தது. “உள்ள மிதவை தாந்து கெடந்துது அம்மா, ஊசியில அழுக்கு. அதுனாலதான் வழிஞ்சிருக்கு. சரி பண்ணிட்டேன்” என்றார். “ஓகோ” என்றேன்.

அடுத்த டின் நான்கு முறைக்குக் கண்டது. முற்றத்து வாசமும் போயிற்று. “பாத்தியளா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். முத்திரை விழுந்ததும் திருட்டு நின்றது. எனக்கு வேறு சாட்சி எதற்கு? அதே நாளில்தான் கார்புரேட்டர் சரியானது என்பது என் நினைவில் நிற்கவே இல்லை. நமக்கு வேண்டாத சாட்சியை நாம் கூண்டில் ஏற்றுவதில்லை.

ஆனால் அந்த வாரத்திலிருந்து வேறொரு கூத்து தொடங்கியது. பேச்சிப்பாறைக்கு அப்பால் தோட்டத்துக்குப் போகும் வழியில், ஐந்தாறு மைல் ஓடியதும் வண்டி இருமும், திணறும், நின்றுவிடும். அங்கே டீ விற்கும் சாயக்கடை ஒன்று உண்டு. இருபது நிமிடம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மறுபடி ஐந்தாறு மைலில் மறுபடி நிற்கும். டிரைவர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். தீப்பொறி நன்றாக வந்தது. காயில் சூடாகிறதோ என்று ஈரத்துணி போட்டுப் பார்த்தார். அப்போதும் நின்றது. இதெல்லாம் என் வீட்டுக்காரர் வந்து சொன்னது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எப்பவும் அந்தச் சாயக்கடைப் பக்கம்தான் நிக்குதா?”

மூன்று நான்கு நாள் இப்படிப் போனது. ஒரு மாலை நான் குச்சியோடு டேங்கு அருகில் நின்றபோது டிரைவர் வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

“அம்மா, அந்த மூடியை மட்டும் ஒருக்கா தொறந்து வச்சு ஓட்டிப் பாக்கட்டா?”

“எதுக்கு?”

என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். அவர் என்னைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மூடியைத் திறக்க வழி பார்க்கிறான் என்று நான் வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் டேங்கில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். நானே தோலைக் கிழித்து மூடியைத் திறந்துகொடுத்தேன். பெட்ரோல் சுத்தம், குழாய் சுத்தம். மூடியை மேலோட்டமாக வைத்துவிட்டு அவரே திருவட்டாறு வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். ஒரு தும்மல்கூட இல்லை. “வண்டி கொள்ளாம், ஒரு கொறையுமில்ல” என்று சொல்லிப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நான் புதிதாகப் பால் ஊற்றிப் புதிதாக முத்திரை வைத்தேன். மறுநாள் டிரைவர் எடுத்துக்கொண்டு போனார். ஆறாவது மைலில் நின்றது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? வேறொருவர் ஓட்டினால் ஓடுகிறது, இவர் ஓட்டினால் நிற்கிறது. பெட்ரோலில் கைவைக்க முடியாத ஆத்திரத்தில் வேண்டுமென்றே நிறுத்துகிறார். என் கணக்கு அச்சாக இருந்தது. அதில் ஓர் ஓட்டையும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். திருவட்டாறு பக்கத்தில் நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். பட்டாளத்திலிருந்து வந்தவன், சொந்தமாக நிலம் கிடையாது, டாக்டர் வீட்டில் டிரைவர் என்ற ஒரு பேரை நம்பித்தான் அவர்கள் சம்மதித்திருந்தார்கள். வேலையும் நல்ல பேரும் போனால் பெண்ணும் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் கல்யாணத்துக்கு விடுமுறை கேட்டபோது என் வீட்டுக்காரரிடம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றதை நான் ஜன்னல் வழியே பார்த்திருந்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு பகல் அந்தத் தாய்மாமன் விசாரிக்க வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சுக்குக்காப்பி கொடுத்தேன். சுற்றிவளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“பையன் ஆள் எப்படி? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

பொய் சொல்ல எனக்கு வராது என்று எப்போதும் பெருமையடித்துக்கொள்வேன். “வண்டி நல்லா ஓட்டுவான்” என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். “மத்ததெல்லாம் இப்பம் நான் ஒண்ணும் சொல்லுகதுக்கில்ல.”

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். திருடன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவர் ஏன் என்று கேட்டிருப்பார், நான் காரணம் சொல்லியிருப்பேன், அதில் உள்ள கோணல் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு முகத்தால் சொன்னேன். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

பத்து நாளில் கல்யாணம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த யாரோ சொன்னார்கள். டிரைவர் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. வழக்கம்போலக் காலையில் வந்து ஜீப்பைக் கழுவினார். அதே வாரம் மலையில் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது வண்டி இரண்டு முறை நின்று, என் வீட்டுக்காரர் போய்ச் சேருவதற்குள் அங்கிருந்த மருத்துவச்சியே பார்த்து முடித்துவிட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அதுவரை எனக்கு ஒத்துப்பாடாத என் வீட்டுக்காரரும் அன்று உடைந்துபோனார். “இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்கிடுப்பா” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். “சரி” என்றார் அவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்தானே இப்படி இருப்பான்?

போகும்முன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அடுத்த முறை வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். அவரைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு நான் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் டிரைவருடைய இரண்டு கையையும் இரண்டு காலையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாவி எங்கே, சோக் எங்கே என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

பேச்சிப்பாறை தாண்டி ஏற்றம் தொடங்கியது. அவர் முழங்காலால் கியரைத் தாங்கிக்கொண்டு ஓட்டினார். வண்டி இருமியது. அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது. கால் மிதித்தபடி இருந்தது. சாவியைத் தொடவில்லை, சோக்கைத் தொடவில்லை. வண்டி திணறி, குலுங்கி, செத்து நின்றது. சாயக்கடை இன்னும் அரை மைல் தள்ளி இருந்தது.

அவர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். நானும் இறங்கினேன். இன்ஜினின் பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணம் போல ஒன்று தொங்கியது. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கிண்ணம் காலியாக இருந்தது.

“பெட்ரோல் எங்க?” என்று கத்தினேன். “நேத்து நான் நெறைச்ச பெட்ரோல் எங்க போச்சு? தள்ளி மாறு!”

அவர் விலகினார். நானே மெத்தையைத் தூக்கி எறிந்தேன். முத்திரை உடைந்திருக்கும், அதை இரண்டு பேருக்கும் காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

முத்திரை முழுசாக இருந்தது. ஆனால் நான் வைத்த மாதிரி இல்லை. ரப்பர்த் தோல் விளிம்பைச் சுற்றி உள்ளே இழுபட்டு, பல் போன கன்னம் மாதிரி ஒட்டிக் குழிந்திருந்தது. அப்பாவின் அடையாளம் கோணிக்கொண்டு நின்றது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து விளிம்பில் குத்தினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். நின்றுவிடும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மூச்சுமுட்டிக் கிடந்த ஒன்று காற்றை இழுப்பதுபோல அது இழுத்துக்கொண்டே இருந்தது. தோலைக் கிழித்துக் குச்சியை விட்டேன். முக்கால் டேங்கு பெட்ரோல் இருந்தது.

டிரைவர் பெட்ரோலை இழுக்கும் பம்பின் அடியில் இருந்த சின்னக் கம்பியை நாலு தடவை அசைத்தார். கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. ஏறி ஒரு மிதி மிதித்தார். இன்ஜின் கிளம்பியது.

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தேங்காயெண்ணெய் டின் வாங்கினால் அதில் இரண்டு ஓட்டை குத்துவது யார்? நான்தான். ஒன்று எண்ணெய் வர, ஒன்று காற்றுப் போக. ஒற்றை ஓட்டை குத்திக் கவிழ்த்த வேலைக்காரியை எத்தனை தரம் திட்டியிருப்பேன்! ஜீப்பின் மூடியிலும் காற்றுப் போக ஒரு துளை வைத்திருந்தார்கள். அதைத்தான் நான் துணி சுற்றி, பால் ஊற்றி, எங்கப்பா முத்திரையும் வைத்து அடைத்திருந்தேன். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று இல்லாமல் டேங்கு அதை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கோ மயிரிழைச் சந்தில் கொஞ்சம் காற்றுப் புகும்வரை, அந்த இருபது நிமிடமும், வண்டி அசையாது. பொலிக்கு மூச்சு விட வேண்டாம். டேங்குக்கு வேண்டும்.

“இது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும் அம்மா.”

“எப்பத்துல இருந்து?”

“மூணாம் நாளே தெரியும். கிண்ணம் காலியா இருக்கதைப் பாத்தேன். பட்டாளத்துல ஒரு லாரிக்கு மூடித் துளையில மண்ணு அடைச்சு இப்பிடித்தான் நின்னுது.”

“பின்னே ஏன் சொல்லல்ல?”

அவர் இன்ஜினை நிறுத்தினார். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

“மூடியைத் தொறக்கட்டான்னு ஒருக்கா கேட்டேனே. நீங்க எதுக்குன்னு கேட்டிய. முத்திரையை எடுக்கணும்னு நான் சொன்னா நீங்க என்ன நெனைப்பிய? நானா கிழிச்சா நான் கள்ளன். கிழிக்கல்லேன்னா வண்டி நிக்கும். வண்டி நின்னா போகட்டும்னு இருந்துட்டேன்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா” என்றார் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

“உங்ககிட்ட சொன்னா நீங்க அம்மாகிட்டதான் கேப்பிய டாக்டர்” என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்தது. நடுரோட்டில், பகல் வெளிச்சத்தில், நான் அழுதேன். வெட்கமாக இருந்தது. அதைவிட என்மேல் கோபமாக இருந்தது.

தோட்டத்து வேலை முடிந்து திரும்பும்போது, வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே திருவட்டாறுக்குப் போ என்றேன். “வேண்டாம் அம்மா, அது முடிஞ்சுபோன காரியம்” என்றார். நான் விடவில்லை. வழி முழுக்க வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தாய்மாமன் எங்களை உட்காரச் சொன்னார். டிரைவர் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்த ரப்பர்த் தோலைக் கையில் கொண்டுபோயிருந்தேன், முத்திரையைக் காட்டினேன். தப்பு என் பேரில்தான், அவர் கை சுத்தம் என்றேன். தாய்மாமன் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணைக்கு ஒண்ணு சொன்னிய. இண்ணைக்கு இன்னொண்ணு சொல்லுதிய. ஒரு டிரைவருக்காக டாக்டரும் டாக்டரம்மாவும் இவ்வளவு தூரம் வருவாளா? இதுல வேற என்னமும் உண்டுமா?”

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. பால்காரியின் கட்டைவிரலை நான் பார்க்கிற பார்வை. அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிஜத்தைச் சொல்லச் சொல்ல அது பொய்போலவே ஆகிக்கொண்டு போகும். இதைத்தான் ஒரு மனிதர் ஒன்றரை மாதம் தினமும் காலையில் வந்து வாங்கிக்கொண்டு, ஜீப்பையும் கழுவிக்கொண்டு இருந்தார்.

“நான் யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார் தாய்மாமன். நாங்கள் எழுந்தோம்.

யோசிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. மார்த்தாண்டத்து மெக்கானிக்கிடம் விசாரித்திருக்கிறார், தோட்டத்தில் விசாரித்திருக்கிறார், சாயக்கடையில்கூட விசாரித்திருக்கிறார். கடைசியில் ஆளனுப்பினார். பெண் தர அவர்களுக்குச் சம்மதம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. நம்பாத வீட்டில் வேலை செய்கிறவனுக்குப் பெண்ணைத் தரமாட்டோம், அந்த இடத்தை விட்டு அவன் மாற வேண்டும்.

போகச் சொன்னதை என் வீட்டுக்காரர் அதற்குள் திரும்ப வாங்கியிருந்தார். இருந்துகொள் என்று நானும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். டிரைவர் தலையை ஆட்டினார். நாகர்கோவிலில் ஒரு பஸ் ஓட்ட அவருக்கு வேலை கிடைத்திருந்தது.

கடைசி நாள் காலையில் வழக்கம்போல ஜீப்பைக் கழுவினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். புதிய டிரைவருக்கு எது எது நழுவும், எது எது நனையும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்புறம் மெத்தையைத் தூக்கினார். மூடி இப்போது வெறும் மூடியாக, நடுவில் தன் சின்னத் துளையோடு இருந்தது.

“அம்மா, டேங்கை நெறைச்சு வச்சிருக்கேன். பாத்துக்கிடுங்க” என்று சொல்லி, என் கமுகங்குச்சியை உள்ளே விட்டு எடுத்து என் முன்னே நீட்டினார்.

பார்க்கக் கூடாது என்று முந்தின நாளே தீர்மானம் செய்திருந்தேன். அவர் போகும்போது எதையும் சரிபார்க்க மாட்டேன், நல்லபடியாக இரு என்று மட்டும் சொல்லி அனுப்புவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் என் கண் தானாகக் கீழே இறங்கி, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டது.

ஈரம் கடைசிக் கோட்டுக்கும் மேலே இருந்தது. நான் நிமிர்ந்தபோது அவர் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். குச்சியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். “அப்பம் நான் வாறேன் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.